பச்சைத் தழையும் பூமாலையும்

திவாகரன், வேலாயுதன், சங்கரன்.

இந்த மூன்று பெயர்களையும் நம் தோழர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்? அரசோச்சியவர்கள் அல்லர், அரியணையின் நிழலில் நின்றவர்களும் அல்லர். வெள்ளித்திரையில் வாள் சுழற்றியவர்கள் அல்லர். காடு காக்கும் வேலை பார்த்தவர்கள். கேரளத்தில், திருச்சூர் மாவட்டத்தில், தேசமங்கலத்தை அடுத்த கொற்றம்பத்தூர்க் காட்டில், 2020ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 16ஆம் நாள், பரவி வந்த காட்டுத் தீயை அணைக்கப் போனார்கள். தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. மூவரும் மாண்டார்கள்.

செய்தித்தாள் காகிதம் செய்யும் ஆலைக்காக மரம் வளர்க்கக் குத்தகைக்கு விடப்பட்டிருந்த நிலம் அது. செய்தித்தாளுக்கென்று வளர்ந்த மரங்களுக்கிடையே மாண்டவர்களுக்கு, நம் பக்கத்துச் செய்தித்தாள்களில் எத்தனை அங்குலம் இடம் கிடைத்திருக்கும்? எண்ணிப் பாருங்கள்!

காவலர் என்றதும் காக்கி உடுப்பும், இடுப்பு வாரும், பளபளக்கும் பித்தளைச் சின்னமும் உங்கள் நினைவுக்கு வரலாம். மூவரில் ஒருவர் பழங்குடிக் காவலர். மற்ற இருவர் தற்காலிகப் பணியாளர். ‘தற்காலிகம்’ என்ற சொல்லை எழுதும்போதே நம் எழுதுகோல் சற்றுத் தயங்குகிறது. வேலை தற்காலிகம், கூலி தற்காலிகம், ஆனால் அந்த வேலையில் நேர்ந்த மரணம் மட்டும் நிரந்தரம்!

அவர்கள் கையில் என்ன இருக்கும் என்கிறீர்கள்? நகரத்துத் தீயணைப்பு வண்டியைப் பார்த்துப் பழகிய நமக்கு, சிவப்பு வண்டியும், மணியோசையும், நீளக் குழாயும், பீறிட்டு அடிக்கும் தண்ணீரும் கண்முன் வரும். காட்டிலே ஏது குழாய்? மலைச்சரிவில் ஏறுமா வண்டி? நம் நாட்டுக் காடுகளில் பெரும்பாலும் இன்றைக்கும் தீயோடு மோதுகிறவன் கையில் இருப்பது பச்சைத் தழை. கிளையை ஒடித்து, இலையோடு பிடித்து, தரையில் ஓடும் நெருப்பை அடித்து அடித்து அடக்குகிறான். ஒருவன் அடிக்க, ஒருவன் சருகைக் கூட்டி ஒதுக்க, மற்றவன் மண்ணைத் தோண்டி மேலே வீச, இப்படித்தான் நடக்கிறது அந்தப் போர். வானத்திலே செயற்கைக் கோள் சுற்றுகிறது. எந்தக் காட்டில் எந்த மூலையில் தீ எழுந்தது என்று அது கண்டு சொல்கிறது. இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004ஆம் ஆண்டு முதல் அந்தச் செய்தியைப் பெற்று மாநிலங்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. செய்தி விண்வெளியிலிருந்து வருகிறது, விஞ்ஞானத்தின் வெற்றி என்று மகிழ்கிறோம். அந்தச் செய்தி போய்ச் சேருகிற கடைசி மனிதன் கையிலே பச்சைத் தழை! விண்ணுக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள தூரம் இதுதான்.

அந்த மூவர்க்கும் நம் புதுக்கோட்டையில் ஒரு நினைவுக் கூட்டம் நடத்துவது என்று சென்ற ஆண்டின் இறுதியில் நாம் பேசத் தொடங்கினோம். நாம் என்றால் பெரிய படையன்று. மாலையில் படிப்பகத்தில் கூடுகிற பத்துப் பன்னிரண்டு பேர்: கல்லூரி மாணவர் சிலர், ஒரு தையற்காரர், கூட்டுறவுக் கடையில் எடை போடும் தோழர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். பேச்சு எழுந்த உடனேயே மூன்று தடைகள் எழுந்தன. மூன்றும் நல்ல மனத்தோடு சொல்லப்பட்டவை. ஆகவேதான் அவற்றுக்கு விடை சொல்லியாக வேண்டும் என்று கருதினோம்.

முதல் தடை: “அவர்கள் மலையாளிகளாயிற்றே! நம்மவர்க்கு நடத்துங்கள் முதலில்.” கேட்டவர் இளைஞர். அவருக்கு நாம் நினைவூட்டியது வேறொன்றுமில்லை. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் இரவைத்தான். கஜா புயல் வந்து புதுக்கோட்டையையும் தஞ்சையையும் நாகையையும் திருவாரூரையும் சுருட்டிப் போட்டதே, அந்த இரவு. தென்னை சாய்ந்தது, பலா சாய்ந்தது, மின்கம்பங்கள் வரிசை வரிசையாய்ப் படுத்துக்கிடந்தன. இருளில் கிடந்த ஊர்களுக்கு விளக்குக் கொடுக்க, பிற மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் வந்தார்கள். புயல் அடித்த தமிழ் மண்ணுக்குக் கேரள மின்வாரியத்தின் தொழிலாளரும் வந்தார்கள். அவர்கள் கம்பத்தில் ஏறும்போது, “நீ எந்த மொழிக்காரன்?” என்று எந்த ஊர்க்காரரும் கேட்கவில்லை. இறங்கி வந்ததும் இளநீர் கொடுத்தார்கள், இருந்த ஒன்றிரண்டு தென்னையில் பறித்து! அந்த இளைஞர் அதற்குமேல் பேசவில்லை. கூட்டத்திற்கான துண்டறிக்கையைத் தானே எழுதுவதாக ஏற்றுக்கொண்டார்.

இரண்டாவது தடை: “காடே இல்லாத மாவட்டத்தில் காட்டுத் தீக்கு என்ன கூட்டம்?” இது கூட்டுறவுக் கடைத் தோழர் கேட்டது. நியாயமான ஐயம்தான். புதுக்கோட்டை என்றால் கண்மாயும், கருவேலமும், செம்மண்ணும், நார்த்தாமலைப் பாறையும், சித்தன்னவாசல் ஓவியமும் நினைவுக்கு வருமே தவிர, காடு நினைவுக்கு வருவதில்லை. ஆனால் கந்தர்வகோட்டைச் சாலையிலோ அறந்தாங்கிச் சாலையிலோ பேருந்தில் போனவர் சன்னல் வழியே பார்த்திருப்பாரே, இருபுறமும் நெட்டை நெட்டையாய், வெள்ளை வெள்ளையாய், நிழல் தராமல் நிற்கும் மரங்கள்! ஏட்டிலே யூக்கலிப்டஸ், பேச்சிலே தைல மரம், நம் கிராமத்தார் நாவிலே ஆர்.எஸ்.பதி. காகிதக் கூழுக்காகச் சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கே பரப்பிப் பரப்பி நடப்பட்டவை. நிலத்தடி நீரைக் குடிக்கிறது, கண்மாய்க்கு வரும் நீரை வரப்புப் போட்டு மறிக்கிறார்கள் என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். அது தனியாக எழுத வேண்டிய கதை. இங்கே சொல்ல வேண்டியது ஒன்று. அந்த மரத்தின் இலையில் எண்ணெய் இருக்கிறது. இலை உதிர்கிறது, பட்டை உரிந்து நாடா நாடாவாய்த் தொங்குகிறது, மாசி பங்குனியில் தரை முழுதும் எண்ணெயில் நனைத்துக் காயவைத்த மெத்தை. ஒரு பீடித் துண்டு போதும். பற்றிய பட்டை காற்றில் பறந்து, அடுத்த வரிசையில் விழுந்து, அங்கேயும் பற்றும். கொற்றம்பத்தூரில் எரிந்ததும் இயற்கை வளர்த்த பெருங்காடு அல்ல. ஆலைக்கு மரம் தர வந்த தோட்டம்தான். நம் வீட்டு வாசலில் நிற்பதும் அதன் உடன்பிறந்ததே!

கடைத் தோழர் எடைக்கல்லைக் கீழே வைப்பவர்போலத் தலையசைத்தார்.

மூன்றாவது தடைதான் பெரிது. அது தடையாக வரவில்லை, ஏற்பாடாக வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர், நம்மிடம் மிகுந்த அன்புடையவர், சொன்னார்: “மூவர் படத்தையும் பெரிதாக எழுதி வைப்போம். மாலையிடுவோம். குத்துவிளக்கேற்றிக் கூட்டத்தைத் தொடங்குவோம். கூட்டம் முடிந்ததும் ஆளுக்கொரு மெழுகுவத்தி ஏந்தி, கீழராசவீதி வரையில் அமைதியாக ஊர்வலம் போவோம்.”

நாம் ஒரு கணம் பேசவில்லை. பிறகு மெல்லக் கேட்டோம்: “ஐயா, தீயில் வெந்து மாண்டவர்களுக்குத் தீயேற்றியா வணக்கம் செலுத்துவது?”

நீரில் மூழ்கி மாண்டவன் படத்தின்மேல் குடம் குடமாய் நீரூற்றுவார் உண்டா? பாம்பு கடித்து மாண்டவன் நினைவாகப் பாம்பாட்டியைக் கூப்பிட்டு மகுடி ஊதச் சொல்வாரா? ஆனால் தீயின் விஷயத்தில் மட்டும் நமக்கு இந்த முரண் உறைப்பதில்லை. ஏன்? தீயைப் பொருளாக நாம் பார்ப்பதில்லை, தெய்வமாகப் பார்க்கப் பழகிவிட்டோம். அக்கினிக்குப் பசியெடுத்தது என்றும், அந்தப் பசி தீரக் காண்டவ வனத்தையே, அதில் வாழ்ந்த உயிர்களோடு, உண்ணக் கொடுத்தார்கள் என்றும் பாரதக் கதை பேசுகிறது. கதாகாலட்சேபத்தில் கேட்டுத் தலையாட்டுகிறோம். காடு எரிந்த கதையைக் காட்டிலே வாழ்ந்தவன் பக்கம் நின்று யாராவது சொன்னதுண்டா? 1997ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் தஞ்சைப் பெரிய கோயிலில், குடமுழுக்குக்காகப் போட்ட யாகசாலைப் பந்தல் பற்றி எரிந்து, நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்களே, அப்போதும் அந்தத் தீயின் காரணத்தைக் கேட்டவர்களைவிட, ‘தெய்வக் குற்றமோ’ என்று கேட்டவர்களின் குரல்தான் ஊர்களில் ஓங்கி ஒலித்தது. தீக்குக் குற்றமும் தெரியாது, குணமும் தெரியாது. எரிபொருள் வேண்டும், வெப்பம் வேண்டும், காற்று வேண்டும். மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் அணையும். பச்சைத் தழையால் அடிக்கிறவன் காற்றை மறைக்கிறான். சருகைக் கூட்டுகிறவன் எரிபொருளை எடுக்கிறான். அவன் பள்ளியில் படித்திருக்கமாட்டான். ஆனால் தீயைப் பற்றிய பகுத்தறிவு, யாகம் வளர்க்கிறவனைவிட அவனுக்கு அதிகம்.

ஆசிரியர் கோபிக்கவில்லை. “விளக்கு வேண்டாம் சரி. வேறு என்ன செய்து அவர்களை மதிப்பது? வெறும் பேச்சுத்தானா?” என்றார்.

கேள்வி கூர்மையானது. எப்படி மதிப்பது? நாலு நாள் அதே பேச்சாக இருந்தது படிப்பகத்தில்.

தமிழனுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டவன் அவன். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று கல் தேடுவதிலிருந்து வாழ்த்துவது வரையில் ஆறு படிகளை வகுத்து வைத்திருக்கிறது தொல்காப்பியம். நம் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில், பொற்பனைக்கோட்டையிலேயே, பழந்தமிழ் எழுத்துப் பொறித்த நடுகல் ஒன்று கிடைத்திருக்கிறது. மாடுபிடிச் சண்டையில் மாண்டவனுக்கானது. தேனி மாவட்டத்தில் புலிமான்கோம்பை என்ற ஊரில் 2006ஆம் ஆண்டு கண்டெடுத்த நடுகற்கள் அதனினும் புகழ் பெற்றவை. அவற்றுள் ஒன்றைப் படித்தவர்கள் சொல்கிறார்கள்: தீயன் அந்தவன் என்பது மாண்டவன் பெயர், அவன் ஊர் பேடு, கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் அவன் விழுந்தான். அவ்வளவுதான் கல்வெட்டு! யார், எந்த ஊர், எதில் மாண்டான் என்று மூன்றே செய்தி. புகழ்மாலை இல்லை, சொர்க்கம் இல்லை, மறுபிறவி இல்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் எவனோ ஒரு கல்தச்சன் உளியைப் பிடித்து, ‘இது நடந்தது, இவனுக்கு நடந்தது’ என்று பதிவு செய்தான். பிற்பாடு அதே கற்களுக்கு எண்ணெய் பூசி, துணி கட்டி, ஆடு வெட்டி, செய்தியை மறந்து சாமியாக்கினார்கள். எழுத்து மறைந்தது, எண்ணெய் நின்றது!

(நடுகல்லைப் பற்றி மற்றொன்றும் நமக்குத் தோன்றுவதுண்டு. அந்தப் பூசல்களில் மாண்டவனுக்கு அந்த ஆநிரையில் எத்தனை மாடு சொந்தம்? தலைவனின் மாட்டுக்காக மாண்டவனுக்குக் கல். ஆலையின் மரத்துக்காக மாண்டவனுக்கு? இரண்டாயிரம் ஆண்டில் பொருள் மாறியிருக்கிறது, மாள்கிறவன் மாறவில்லை.)

அதே தேனி மாவட்டத்தில்தான் குரங்கணி. 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்த மலையேற்றக் குழுவினரைத் தீ மறித்து, இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. படித்த இளம்பெண்கள், பணியிலிருந்த இளைஞர்கள். நாடே அழுதது, அழவேண்டியதுதான். அன்றிரவு அந்தப் பள்ளத்தில் இறங்கி, வெந்த உடல்களையும் துடித்த உயிர்களையும் தூக்கிச் சுமந்து ஏறியவர்களில் அந்த மலையடிவார ஊர்க்காரர்கள் இருந்தார்கள். அவர்களுள் ஒருவர் பெயரேனும் நமக்குத் தெரியுமா?

பிற நாட்டில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று தேடிப் படித்தோம். அமெரிக்காவில், மொண்டானா மாநிலத்தில், மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கு. 1949ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள். விமானத்திலிருந்து குதித்துத் தீயணைக்கும் இளைஞர் பதினைந்து பேர் இறங்கினார்கள். தரையில் வனக்காவலர் ஒருவர் சேர்ந்துகொண்டார். தீ பள்ளத்தாக்கைத் தாண்டி, புல் மண்டிய சரிவில் அவர்களைத் துரத்தியது. தீக்கு மேடு ஏறுவது எளிது, மனிதனுக்குத்தான் கடினம். கீழே எரிகிற சுவாலை மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடேற்றி வைத்துவிடுகிறது. பத்துப் பாகைச் சரிவு கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பது கணக்கு. தலைவர் டாட்ஜ் என்ன செய்தார் தெரியுமா? ஓடுவதை நிறுத்தினார். தீக்குச்சியைக் கிழித்துத் தமக்கு முன்னாலிருந்த புல்லைத் தாமே கொளுத்தினார். அது எரிந்து கரிந்த இடத்தில் படுத்துக்கொண்டார், கூப்பிட்டார், “இங்கே வாருங்கள்” என்று. எரிந்த இடத்தில் மீண்டும் எரிய என்ன இருக்கிறது? ஆனால் உடனிருந்தவர்களுக்கு அது விளங்கவில்லை. தலைவருக்குப் பித்துப் பிடித்தது என்றே எண்ணியிருக்கவேண்டும். கடந்து ஓடினார்கள். பதின்மூன்று பேர் மாண்டனர். டாட்ஜும், பாறைப் பிளவில் புகுந்த இருவரும் பிழைத்தனர்.

பிறகு என்ன நடந்தது என்பதுதான் நமக்கு வேண்டியது. மலைச்சரிவில் அவர்கள் விழுந்த இடங்களில் அடையாளம் நட்டார்கள், நம் நடுகல்போலவே. அத்தோடு நிற்கவில்லை. தீ எப்படி ஓடுகிறது, காற்று எப்படித் திரும்புகிறது, புல்லில் என்ன வேகம், புதரில் என்ன வேகம் என்று ஆராயத் தொடங்கினார்கள். 1957ஆம் ஆண்டு, காட்டுத் தீயோடு மோதுகிறவர்க்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார்கள். வானிலையைத் தெரிந்துகொள், தப்பும் வழியை முன்னரே குறித்துக்கொள், ஆபத்து உள்ள இடத்தில் கண்காணிக்க ஒருவரை நிறுத்து என்பவை போன்றவை. பத்துக் கட்டளை என்றதும் வானத்திலிருந்து இறங்கியதாக எண்ணவேண்டாம்! மாண்டவர்களின் சாம்பலிலிருந்து மனிதர்கள் எடுத்து எழுதியவை. அதன்பின் அங்கே எவரும் மாளவில்லையா? மாண்டார்கள். 2013ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், அரிசோனா மாநிலத்து யார்னெல் மலையில், காற்றுத் திரும்பியதால் ஒரே குழுவைச் சேர்ந்த பத்தொன்பது பேர் ஒரே இடத்தில் மாண்டார்கள். மீண்டும் விசாரணை, மீண்டும் வாதம். ‘விதி’ என்று ஏட்டை மூடிவிடவில்லை.

நம்மிடமும் நினைவு நாள் உண்டு, குறை சொல்வதற்கில்லை. ஏப்ரல் 14 தீயணைப்போர் நாள். 1944ஆம் ஆண்டு அந்நாளில், பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற போர்ட் ஸ்டிகீன் என்ற கப்பலில் தீப்பிடித்தது. பருத்திப் பொதியும் வெடிமருந்தும் ஒரே கப்பலில்! எரிகிற கப்பலில் இன்னது இருக்கிறது என்று எச்சரிக்கும் சிவப்புக் கொடிகூட ஏற்றப்படவில்லை. பிற்பகல் நான்கு மணியளவில் கப்பல் வெடித்துச் சிதறியது. நகரத்தில் மாண்டவர் பல நூறு. தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி மாண்ட தீயணைப்புப் படையினர் 66 பேர். நம் மாநிலத்திலும் பட்டியல் உண்டு. சென்னைக் கொடுங்கையூரில் 2017ஆம் ஆண்டு கடை ஒன்றில் எரிந்த தீயை அணைக்கப் போய் எரிவாயு உருளை வெடித்து மாண்ட ஏகராஜ். 2020ஆம் ஆண்டு நவம்பர் 14, தீபாவளி நாளின் விடியலுக்கு முன், மதுரை விளக்குத்தூண் அருகே நவபத்கானா தெருவில் துணிக்கடை எரிந்தபோது, பழைய கட்டடம் இடிந்து விழுந்து மாண்ட கிருஷ்ணமூர்த்தி, சிவராஜன். ஊரார் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பட்டாசு கொளுத்தத் தயாராகும் வேளை அது.

காட்டுக்கும் ஒரு நாள் இருக்கிறது: செப்டம்பர் 11, தேசிய வனத் தியாகிகள் நாள். இராசத்தானத்துக் கேஜர்லி என்ற சிற்றூரில் 1730ஆம் ஆண்டு, அரண்மனைக்காக மரம் வெட்ட வந்தவர்களைத் தடுத்து மரத்தைக் கட்டிக்கொண்டு வெட்டுண்டு மாண்ட 363 பேரின் நினைவு. 2017இல் பந்திப்பூர்க் காட்டுத் தீயில் ஒரு வனக்காவலர், 2023இல் கருநாடகத்துச் சக்லேசுபுரத்தில் சுந்தரேஷ், 2024 ஜூன் 13ஆம் நாள் உத்தரகண்டத்துப் பின்சார் காட்டில் ஒரே நிகழ்ச்சியில் நால்வர் என்று பட்டியல் நீள்கிறது. நிரந்தரப் பணியாளரும் உண்டு, தினக்கூலியும் உண்டு அதில். நாள் இருக்கிறது, பட்டியல் இருக்கிறது, துப்பாக்கி மரியாதை இருக்கிறது. அடுத்த தீக்குப் போகிறவன் காலில் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியை நாம் கற்பனையில் கேட்கவில்லை. ஒரு ஞாயிறு காலை, நாம் ஐவர், நம் பக்கத்துத் தைல மரத் தோட்டம் ஒன்றில் கோடைக் காவல் பார்க்கும் பெரியவரைத் தேடிப் போனோம். எவர் தோட்டம் என்பது இங்கே வேண்டாம். அவர் பெயரும் வேண்டாம். அவருக்கு இன்னும் அங்கேதான் பிழைப்பு. வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து அரிவாளுக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்கப்பு, மாடு தொலைச்சிட்டியளா?” என்றார்.

“இல்லைங்கய்யா, உங்களைப் பார்க்கத்தான் வந்தோம்” என்றோம். சிரித்தார். தம்மைப் பார்க்க ஐந்து பேர் புறப்பட்டு வருவது அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

தீயைப் பற்றிக் கேட்டோம். அந்தப் பேச்சை அப்படியே எழுதிக்கொண்டு வந்தோம். “ஆர்.எஸ்.பதிக் கொழை ஆகாதப்பு, அதுவே பத்திக்கும். வேப்பங்கொழை, இல்லாட்டி பொங்கங்கொழை. நெருப்புக்கு நேரே நிக்கப்படாது, ஓரத்துலேருந்து அடிச்சுக்கிட்டே போகணும். காத்து மாறுச்சுன்னா கொழையைப் போட்டுட்டு, எரிஞ்ச பக்கமாத் தாண்டி ஓடிரணும்.” எரிந்த பக்கமாக! மொண்டானாவில் டாட்ஜ் கண்டுகொண்டதை, அந்தப் பெயரையே கேட்டிராத இந்தப் பெரியவர், பங்குனி வெயிலில் தாமே கற்றிருக்கிறார். கால் பாதத்தைத் திருப்பிக் காட்டினார். வலக் குதிகாலில் உள்ளங்கையகலம் சுருங்கிய தோல். “ரப்பர் செருப்பு. சூட்டுல உருகி ஒட்டிக்கிருச்சு. உரிக்கையில தோலும் வந்துருச்சு.”

மூவரைப் பற்றிச் சொன்னோம். கூட்டம் போடப் போவதைச் சொன்னோம். அவர் அரிவாளைக் கீழே வைத்தார். மூன்று பெயரையும் ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, “பொண்டாட்டி புள்ளைக இருக்கா?” என்றார். நெடுநேரம் பேசவில்லை.

“உங்களுக்கு என்ன வேண்டும் ஐயா?” என்று நம் தையற்காரத் தோழர் கேட்டார். பெரியவர் யோசித்து யோசித்துச் சொன்னார். கெட்டியான தோல் செருப்பு, மூடினாப்போல. தோளில் மாட்டுகிற தண்ணீர்ப் பை. ஒரு விசில், புகை மறைத்துவிட்டால் குரல் கேட்காதாம், விசில் கேட்குமாம். “அப்புறம் ரெண்டாவது ஆளு ஒண்ணு. ஒத்தையிலே போகச் சொல்லாம இருந்தாச் சரி.”

நம் துண்டறிக்கை எழுதும் இளைஞர் அதையும் எழுதிக்கொண்டார்: ரெண்டாவது ஆளு ஒண்ணு.

கூட்டம் பிப்ரவரி 16ஆம் நாள் மாலை நடந்தது. விளக்கில்லை, மாலையில்லை. பலகையில் வெள்ளைச் சுண்ணத்தால் பெயர், ஊர், எதில் மாண்டார் என்ற மூன்றை மட்டும் எழுதி வைத்தோம். எழுதியவர் அந்த ஆசிரியர்தான், அவர் கையெழுத்து அச்சுப்போல இருக்கும். தலைமை தாங்கப் பெரியவரை அழைத்தோம். மேடையில் ஏற மறுத்துவிட்டார். முதல் வரிசையில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பேச்சாளர் நால்வர். ஒருவர் அளவுக்கு மீறிப் பேசினார், அது எந்தக் கூட்டத்திலும் தவிர்க்க முடியாதது. அனுதாபத் தீர்மானத்தோடு வேறு மூன்று தீர்மானங்கள் நிறைவேறின. தீயணைக்கும் தற்காலிகக் காவலர் ஒவ்வொருவர்க்கும், நிரந்தரப் பணியாளர்க்கு உள்ள அளவு காப்பீடு வேண்டும். கோடை தொடங்குமுன் காலணியும் நீர்ப்பையும் விசிலும் கையில் சேர வேண்டும். எந்தத் தோட்டத்திலும் ஒற்றை ஆளைத் தீக்கு அனுப்பக் கூடாது. தனியார் தோட்டமாயினும், பொதுத்துறைத் தோட்டமாயினும், மாசிக்கு முன் தீத்தடுப்புக் கோடு வெட்டியதற்குச் சான்று காட்டவேண்டும் என்று ஒரு மாணவர் திருத்தம் கொண்டுவந்தார், ஏற்றுக்கொண்டோம்.

நினைவுத் தூண் எழுப்புவதா என்ற விவாதமும் வந்தது. தூண் வேண்டும் என்றவர் எழுவர், வேண்டாம் என்றவர் ஒன்பதின்மர். வேண்டாம் என்றவர்கள் மறதியை விரும்பியவர்கள் அல்லர். துண்டேந்தித் திரட்டியது 6,840 ரூபாய். தூணுக்கு அது போதாது, காலணிக்குப் போதும். பேருந்து நிலையத்தருகே ஒரு கடையில் பேரம் பேசி, மூடிய தோல் காலணி எட்டுச் சோடி வாங்கினோம். பெரியவரையும் சேர்த்து, அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் காவல் பார்க்கும் எட்டுப் பேரின் கால் அளவை முன்னரே நூல் பிடித்து எடுத்து வந்திருந்தார் தையற்காரர். அதில் இரண்டு சோடி சிறிய அளவு, அவை பெண்களுக்கு. தீயடிக்கும் வேலையில் பெண்களும் இருக்கிறார்கள் என்பது அந்த நூல் அளவைப் பார்த்தபோதுதான் நம் கூட்டத்தில் பலருக்குத் தெரிந்தது. விசில் எட்டு, ஒரு விளையாட்டுப் பொருள் கடைக்காரர் விலையின்றிக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டார், சொன்னோம், கல்லாவை மூடிவிட்டார்.

தீர்மானங்களின் படிகள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும், வனத்துறைக்கும், தொழிலாளர் துறைக்கும் அஞ்சலில் போயிருக்கின்றன. பதில் வந்ததும் இவ்வேட்டில் அப்படியே வெளியிடுவோம். வராவிட்டால், வரவில்லை என்பதையும் வெளியிடுவோம், திங்கள் தோறும்.

இடையில் ஒரு வேலை இருக்கிறது. அந்தப் பெரியவர் காவல் பார்க்கும் தோட்டத்துக்கும் ஆதிக்குடியிருப்புக்கும் இடையே, சருகு மண்டிக் கிடக்கும் ஏறத்தாழ முந்நூறு அடி நிலத்தைக் கூட்டி ஒதுக்கிக் கோடு வெட்ட, ஊர்மக்களும் தோட்டத்தாரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் படிப்பகத்தின் முன் கூடுகிறோம். வெயில் ஏறுமுன் முடிக்கவேண்டும். மண்வெட்டியும் பல்வாரியும் உள்ளவர்கள் கொண்டுவரலாம். தண்ணீர் நாம் கொண்டுவருகிறோம். ரப்பர் செருப்புப் போட்டு வரவேண்டாம். பீடி பிடிக்கும் தோழர்கள் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருக.